இரட்டிப்பைக் காட்டிக்கொடுக்கும் மருந்து

என் அக்கா மகன் வேலை மாற்றலாகி ஹூஸ்டனுக்குப் போய் ஓராண்டு ஆகிறது. சிங்கப்பூரில் தேசிய சேவையைக் காவல்துறையில் முடித்தவன், அங்கே பயிற்சிக்குக் கொடுத்த டாரஸ் ரிவால்வரின் பழக்கத்தில் ஹூஸ்டனிலும் ஒரு சுடுதளத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, .38 ஸ்பெஷல் ரிவால்வரில் இலக்குப் பயிற்சி செய்துவருகிறான். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, தோட்டாவை நானே நிரப்பிக்கலாம்னு இருக்கேன். கடையில வரிசையா டப்பா டப்பாவா மருந்து அடுக்கி வச்சிருக்காங்க. எதை வாங்கறது?" என்று கேட்டான். நான் ஜூரோங் தீவில் வேதித் தொழிற்சாலைகளின் பாதுகாப்புப் பொறியாளராகப் பணிபுரிபவன். அந்தப் பணியில் மூன்றாண்டுகளை டெக்சஸில் கழித்தபோது, உரிய முறையில் இலக்குச் சுடுதலையும் தோட்டா மறுநிரப்புதலையும் (சுட்டு முடித்த பித்தளை உறையில் புதிதாக மருந்தைப் போட்டு, குண்டைப் பொருத்துவதையும்) கற்றுக்கொண்டேன். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகள் வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால், அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே இது வீட்டில் செய்யக்கூடிய பொழுதுபோக்கு அன்று. 1972ஆம் ஆண்டிலிருந்து தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிக்காத ஊர் இது. வீவக அடுக்குமாடி வீட்டின் அலமாரியில் துப்பாக்கி மருந்தை வைத்திருப்பதை எந்தச் சட்டமும் இங்கே பொறுத்துக்கொள்ளாது. கீழே எழுதியிருப்பவை எல்லாம், அதற்குச் சட்டம் இடம்கொடுக்கும் ஊர்களில், அந்த ஊர் விதிகளுக்குள் நின்று செய்பவர்களுக்காகவே.

வெடிமருந்து என்றதும் நம் மனத்தில் எழுவது சிவகாசிக் கருமருந்துதான்: வெடியுப்பு, கந்தகம், கரி. இன்றைய கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருப்பது அதுவன்று. 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்த நைட்ரோசெல்லுலோஸ் அது. அதை மட்டுமே அடிப்படையாகக் கொண்டதை ஒற்றை அடி மருந்து என்றும், அதனுடன் நைட்ரோகிளிசரின் சேர்ந்ததை இரட்டை அடி மருந்து என்றும் பிரிப்பார்கள். திறந்த வெளியில் ஒரு சிட்டிகையைப் பற்றவைத்தால் அது வெறுமனே எரிந்து அடங்கிவிடும். ஆனால் மூடிய உறைக்குள் எரியும்போது அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏற ஏற எரிவேகமும் ஏறுகிறது, அது மறுபடியும் அழுத்தத்தை ஏற்றுகிறது. ஆகையால் மருந்தை இரண்டு மடங்காக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நின்றுவிடும் என்று கணக்குப் போடுவது தவறு. அது அதைவிட மிக அதிகமாக ஏறும். அழுத்தத்தைப் பொறுத்து வேகம் கூடும் வேதிவினைகளோடு நாள்தோறும் பழகுகிறவன் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

அடுத்தது உறையின் கொள்ளளவு. .38 ஸ்பெஷல் 1898இல், கருமருந்துக் காலத்தின் கடைசியில் பிறந்த தோட்டா. உறையின் நீளம் 29 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இருபது கிரெய்னுக்கு மேற்பட்ட கருமருந்தைக் கொள்வதற்காக அமைந்த அந்தப் பித்தளைக் குழலுக்குள், இன்று இலக்குச் சுடுதலுக்காக மூன்று கிரெய்ன் அளவிலான புகையில்லா மருந்தைப் போடுகிறோம். (இதை நிரப்பும் அளவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, பருமனை உணர்த்தவே சொல்கிறேன்.) ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்பதால், மூன்று கிரெய்ன் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆழ்கிணற்றின் அடியில் ஒரு குடம் நீர் கிடப்பதைப் போல அது உறையின் அடியில் கிடக்கும். அங்கே ஒரு குடம் இருக்கிறதா, இரண்டு குடம் இருக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்வது எளிதன்று. இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தமாக அமெரிக்கத் தர அமைப்பு வகுத்திருப்பதோ சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு மட்டுமே. அதே அமைப்பு 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 35,000 வரை அனுமதிக்கிறது.

டெக்சஸில் நான் சென்ற சுடுதளத்தில் ஒரு சனிக்கிழமை, எனக்கு இரண்டு தடம் தள்ளி நின்று சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் ரிவால்வர் வெடித்தது. தோட்டாக்கள் அமரும் உருளையின் மேற்பாதி பிளந்து, அதன்மேல் செல்லும் எஃகுப் பட்டை வில்லாக வளைந்துபோயிற்று. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண்கள் தப்பின; கட்டைவிரலில் மட்டும் காயம். துப்பாக்கியில்தான் கோளாறு என்று அவர் உறுதியாக நம்பினார். மீதமிருந்த நாற்பத்து மூன்று தோட்டாக்களையும் அவருடைய ஒப்புதலோடு ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். நாற்பத்திரண்டு சரியாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு மருந்து இருந்தது. இருபது ஆண்டுகளாகத் தோட்டா நிரப்பிவந்தவர் அவர். நிதானமானவர், குடிப்பழக்கம் இல்லாதவர். நிரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் அழைப்பு மணி அடித்ததாகவும், எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகவும் பிறகு நினைவுகூர்ந்தார். அவர் பயன்படுத்தியது பளபளக்கும் நுண்மணிகளாக அமைந்த அடர்த்தியான மருந்து. இரு மடங்கு விழுந்த பிறகும் உறை பாதிகூட நிறையவில்லை. பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்குமா என்பது ஐயமே.

மனிதன் தவறுவானா என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை, தவறுவான் என்று வைத்துக்கொண்டே தொடங்குவோம். அவன் தவறும்போது அது யார் கண்ணிலாவது படுமா என்பதைத்தான் ஆராய்வோம். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. விலை, புகை, சுத்தம், வேகத்தின் சீர்மை எல்லாம் அதற்குப் பிறகே வரட்டும்.

இதை அடுப்படிக்குக் கொண்டுபோனால் விளங்கிவிடும். நூறு கிராம் அவலையும் நூறு கிராம் கசகசாவையும் ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் போட்டுப் பாருங்கள். அவல் டம்ளரை நிறைத்துவிடும். கசகசா அடியில் அடங்கிவிடும். ரெட் டாட் போன்ற பெரிய தகட்டு மருந்துகள் அவலைப் போன்றவை, டைட்குரூப் போன்ற நுண்மணி மருந்துகள் கசகசாவைப் போன்றவை. சிறிய 9 மில்லிமீட்டர் உறையில் அவல் வகை இரட்டித்து விழுந்தால் வெளியே வழிந்தே விடும். உயரமான .38 உறையில் வழியாது. ஆனால் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏறியிருப்பது தெளிவாகத் தெரியும். கசகசா வகை இரட்டித்தாலோ உறையின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவலுக்கும் ஒரு குறை உண்டு. மருந்து அளக்கும் கருவி எடையால் அளப்பதில்லை, கொள்ளளவால் அளக்கிறது. தகடுகள் குழாயின் கழுத்தில் பாலம் கட்டி நின்றுவிடும்; ஓர் உறையில் குறைவாக விழும், அடைபட்டது அடுத்த உறையில் சேர்ந்து விழும். நுண்மணி மருந்தோ தண்ணீரைப் போல ஒரே சீராக இறங்கும். அதனால்தான் வேகமாக நிரப்புகிறவர்கள் நுண்மணியை விரும்புகிறார்கள். அது நியாயமான விருப்பம்தான். உறை கிடைமட்டமாகக் கிடந்தாலும் நிமிர்ந்திருந்தாலும் சீராகப் பற்றும் என்பதும் டைட்குரூப்புக்குச் சொல்லப்படும் நல்ல குணம். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர் மாதத்துக்கு இருநூறு தோட்டாவுக்கு மேல் நிரப்பப் போவதில்லை. வேகத்தால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு கைப்பிடி அசைவுக்கும் கருவியை ஒரே சீராக இருமுறை தட்டிப் பழகி, பத்துக்கு ஒன்றைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் அவலின் குறையைப் பெருமளவு கட்டுப்படுத்திவிடலாம். கசகசாவின் குறையையோ எந்தக் கைப்பழக்கமும் போக்காது. இரண்டுக்கும் நடுவே வின்செஸ்டர் 231 இருக்கிறது. எச்.பி.-38 என்ற பெயரில் விற்கப்படுவதும் அதே மருந்துதான். ஓரளவு நன்றாக அளக்கவும் வரும், இலக்குத் தோட்டாவுக்கும் ஏற்றது. நூறாண்டுக்கும் மேலாக இலக்குச் சுடுபவர்கள் போற்றிவரும் புல்ஸ்ஐ மருந்தின் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மிகக் குறைந்த அளவில் வேலையை முடித்துவிடுவது, ஆழமான உறையில் இரட்டிப்புக்கு நிறைய இடம் விட்டுவைக்கிறது. முதல் டப்பாவாக அதை வாங்க வேண்டாம் என்பேன்.

எரிவேகத்தைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. மென்மையான இலக்குத் தோட்டாவில் அழுத்தம் குறைவு, துப்பாக்கிக் குழல் குட்டை. அங்கே முழுமையாக எரிந்து முடிய வேக மருந்துதான் வேண்டும். அதிக ஆற்றலுள்ள மேக்னம் தோட்டாக்களுக்கான, மெதுவாக எரியும் மருந்தைப் பாதகமில்லை என்றெண்ணிக் குறைத்துப் போடுவது ஆபத்தான தவறு. எச்110 போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைக்கவே கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அரைகுறையாகப் பற்றினால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். சுடும்போது ஒலி வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால், போட்டியே நடந்துகொண்டிருந்தாலும் விரலை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் காலிசெய்து குழலைப் பார்த்தாக வேண்டும். எரிவேகப் பட்டியல்கள் ஒப்பீட்டு வரிசை மட்டுமே. பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது.

அளவை எடுக்க வேண்டிய இடம் மருந்துத் தயாரிப்பாளரின் அண்மைக்காலக் கையேடு ஒன்றே. நண்பரின் குறிப்பேடும் இணையத்தில் கிடைத்த எண்ணும் ஆகா. மருந்தின் பெயர் மட்டுமன்றிக் குண்டின் எடை, வடிவம், அது எவ்வளவு ஆழம் உள்ளே அமர்கிறது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எது என்ற எல்லாமும் ஒத்துப்போக வேண்டும். இலக்குக்குப் பயன்படுத்தும் தட்டைமுகக் குண்டு உறைக்குள் முழுவதும் அமர்ந்து உள்ளிடத்தைச் சுருக்கிவிடுகிறது என்பதால் இதில் சலுகையே கிடையாது. பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. எச்4350, ஐ.எம்.ஆர்.4350 என்று ஒரே எண்ணைத் தாங்கும் துப்பாக்கி மருந்துகள் இரண்டும் வெவ்வேறானவை. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகும் சில மருந்துகள் அங்கே ஒரு பெயரிலும் அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் வழியாக வேறொரு பெயரிலும் விற்கப்படுகின்றன. பெர்த்தில் இருப்பவர் ஹூஸ்டனில் இருப்பவரிடம் கேட்டு வாங்கினால் குழப்பம் இங்கேதான் தொடங்கும்.

மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். மருந்து போட்ட உறைகளை ஐம்பது குழிகள் உள்ள மரக்கட்டையில் நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். இடையில் எழுந்து போக நேர்ந்தால், கையில் இருக்கும் உறையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அக்கா மகனிடம் ஒரு சோதனையும் செய்யச் சொன்னேன். ஓர் உறையில் வேண்டுமென்றே இரட்டிப்பாகப் போட்டு, மற்றவற்றோடு கட்டையில் கலந்து வைத்து, அறைத் தோழனைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வது. பிறகு உடனே அதைக் கொட்டிவிடுவது. அவன் வாங்கியது தகட்டு மருந்து. துப்பாக்கியையே தொட்டறியாத அந்தத் தோழன் பார்த்த மாத்திரத்தில் அந்த உறையைத் தொட்டுக் காட்டினானாம்.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் பொருள். சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அதைத் தடுக்கவே டைஃபீனைல்அமீன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். வெப்பம் அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடும். 1907இல் தூலோன் துறைமுகத்தில் இயேனா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும், 1911இல் அதே துறைமுகத்தில் லிபர்த்தே என்ற கப்பலும் வெடித்ததற்குச் சிதைந்த மருந்தே காரணமாகக் கருதப்பட்டது. வீட்டு டப்பா போர்க்கப்பல் அன்று. ஆனாலும் ஹூஸ்டன் கோடையில் காரின் பின்பெட்டியில் அதை விட்டுவைப்பது கூடாது. மூடியைத் திறந்தால் புளித்த நெடியோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. வாங்கிய டப்பாவை விட்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றவும் கூடாது. வேலை முடிந்ததும் அளக்கும் கருவியிலிருந்து மீதியை எடுத்து அதே டப்பாவில் சேர்த்துவிட வேண்டும். இரட்டை அடி மருந்து பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பது ஒருபுறமிருக்க, மறுநாள் அது என்ன மருந்து என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, ஊர் திரும்பும் பயணம். மருந்தையும் பிரைமரையும் கைப்பையிலோ பெட்டியிலோ விமானத்தில் கொண்டுவர அனுமதியில்லை என்பது பலருக்கும் தெரியும். தவறு நடப்பது தெரிந்து கொண்டுவருவதில் அன்று. சுடுதளத்துக்கு எடுத்துச்சென்ற பையையே பயணப்பையாக்கும்போது, மடிப்பில் தங்கிவிட்ட ஒரு தோட்டாவினால்தான். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் தோட்டாவை வைத்திருந்த குற்றம் உறுதியானால் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். நினைவுப்பொருள் என்று சாவிக்கொத்தில் மாட்டிய வெற்று உறைகூட சாங்கி விமான நிலையத்தில் உங்களைத் தனியறையில் உட்காரவைத்துவிடும். சுடுதளப் பையை ஹூஸ்டன் வீட்டிலேயே விட்டுவிட்டு, தீபாவளிக்குப் புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வா என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன்.