கிரீம் என்றால் களிம்பா?

சென்ற வாரம் அத்தை வீட்டு மேசையில் ஓர் ஆயுர்வேத டப்பா இருந்தது. ஆங்கிலத்தில் ‘குங்குமாதி கிரீம்’ என்றும், கீழே தமிழில் ‘குங்குமக் களிம்பு’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். பேத்தி வாங்கிக் கொடுத்ததாம். “இதை எந்தப் புண்ணுக்குப் போடுவது?” என்று அத்தை கேட்டார். அவர் மேல் தவறே இல்லை. களிம்பு என்றதும் நமக்குப் புண்தான் நினைவுக்கு வரும். இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ டப்பாக்களில் பார்த்துப் பொறுத்துவிட்டேன்; இனி முடியாது.

கிரீம் என்ற சொல்லின் கதை சிறியது. பாலேட்டைக் குறித்த பிற்கால லத்தீன் சொல்லும், திருமுழுக்கில் பூசும் எண்ணெயைக் குறித்த கிரேக்க வழிச் சொல்லும் பழைய பிரெஞ்சில் ஒன்றாகி ஆங்கிலத்துக்குப் போயின. மருந்தாக்கத்தில் அதன் பொருள் தெளிவானது: எண்ணெயும் நீரும் பிரியாமல், ஒன்றுக்குள் மற்றொன்று நுண்துளிகளாகக் கலந்து நிற்பது.

களிம்பில் பொதுவாக நீருக்கு இடமில்லை. ஆயுர்வேதத்தில் அதற்கு மலஹரம் என்று பெயர். நல்லெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, மருந்துப் பொடியைச் சேர்த்துக் குழைப்பார்கள். அது தோலின் மேலே பிசுபிசுப்பாகத் தங்கும், தங்கத்தான் வேண்டும். சித்த மருத்துவம் இதில் இன்னும் கறாரானது. புறமருந்துகளை 32 வகையாகப் பிரித்து, பற்று, பூச்சு, களிம்பு, பசை ஆகியவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது. அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த சொற்களில் ஒன்றை உருவி எல்லா டப்பாவிலும் ஒட்டுகிறோம். செம்பில் ஏறும் பச்சைக் கறைக்கும் களிம்பு என்றே பெயர். உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமை அது. முகம் பொலிய வாங்கும் பொருளுக்கு இந்தப் பெயரா?

சிலர் ‘குழைமம்’ என்கிறார்கள். களிம்புக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சந்தனத்தையும் குழைக்கிறோம், திருநீற்றையும் குழைக்கிறோம். எண்ணெயும் நீரும் கூடிய செய்தி அந்தச் சொல்லில் இல்லை. பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்?

அந்தப் பழைய சொல் வெண்ணெய். சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்றொரு மேற்பூச்சு மருந்து உண்டு. குங்கிலியம் என்ற மரப்பிசினை நல்லெண்ணெயில் உருக்கி, நீர்விட்டுப் பிசைந்து வெளுக்க வைப்பார்கள். அதில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: வெண்மை, நெய். பழந்தமிழில் நெய் என்பது எண்ணெய்க்கும் பொது. எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. ஆக வெண்ணெய் என்றால் வெளுத்த நெய்.

ஆயுர்வேதத்தின் சததௌத கிருதமும் இதுதான். நூறு முறை கழுவிய நெய் என்று பொருள். போன சித்திரையில் நானே செய்து பார்த்தேன். செம்புத் தட்டில் பசுநெய்யை இட்டு, நீரூற்றி உள்ளங்கையால் தேய்த்து, நீரை வடித்து, மறுபடி ஊற்றினேன். முப்பது நீர் மாறுவதற்குள் மணல்மணலான பதம் போய்விட்டது. நூறு முடிந்தபோது மஞ்சள் நிறம் போய், வழித்தால் விரலிலேயே நிற்கும் வெள்ளை விழுது கிடைத்தது. நெய்க்குள் புகுந்த நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது.

சமையலறை வெண்ணெயோடு குழம்பிவிடும் என்பார்கள். மண்ணெண்ணெய் என்ற பெயரைக் கேட்டு யாரும் அதைத் தாளிக்க எடுப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் காப்பாற்றும்.

அத்தையின் டப்பாவில் முதல் சொல்லும் பிழை. அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் சொல்லும் குங்குமாதி, நல்லெண்ணெயும் ஆட்டுப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் தைலம்; அதைத்தான் இன்று நீர் சேர்த்துக் கிரீமாக்குகிறார்கள். அதில் குங்குமம் என்பது குங்குமப்பூ. ‘ஆதி’ என்றால் முதலியன. சந்தனம், மஞ்சிட்டி எல்லாம் அதில் அடக்கம். தமிழில் குங்குமம் என்று மட்டும் எழுதினால் நெற்றியில் இடும் சிவப்புப் பொடிதான் தெரியும். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர், டப்பாவை ஒருமுறை திறந்து தொட்டுப் பார்த்திருந்தால் இந்த இரண்டு பிழையும் நேர்ந்திருக்காது.

“குங்குமப்பூவும் சந்தனமும் சேர்ந்த முக வெண்ணெய், அத்தை” என்றேன். மூடியைத் திறந்து, கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தடவி முகர்ந்து பார்த்தார்.