ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு எங்கே உதவி கேட்பது?

பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, பெற்றவர்கள் மட்டும் ஊரில் இருக்கும் வீடு இப்போது தெருவுக்கு நாலு உண்டு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு உதவி இல்லாமல் இல்லை. எதற்கு எந்த ஆபீஸ் படியேறுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் மாத்திரை விஷயம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கியது. பி.பி., சுகர் இருந்து, ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாதவர்களுக்குப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுப்பார். படுத்த படுக்கையாக இருந்தால் பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் வருவார்கள். இதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பேரைப் பதிந்தால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தனியார் டாக்டர் எழுதிய மாத்திரை வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். அரசு தரும் அட்டையில் வெறுமனே அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயர் இருக்கும். டாக்டர் எழுதியதும் அரசு தந்ததும் ஒரே மருந்துதான் என்று தெரியாமல், இரண்டையும் போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் உண்டு. அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது அந்த டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

யாரைக் கேட்பதென்றே புரியவில்லை என்றால் 14567. முதியோருக்கான இலவச ஹெல்ப்லைன், காலை 8 முதல் இரவு 8 வரை. பென்ஷன் விவரம், முதியோர் இல்லம், சட்ட ஆலோசனை எல்லாம் கேட்கலாம். கைவிடப்பட்ட முதியவரைத் தெருவில் பார்த்தாலும் இதற்குத்தான் போன் செய்ய வேண்டும்.

ஆதரவற்றவர்களுக்கான முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. விண்ணப்பம் இ-சேவை மையத்தில்.

பிள்ளையே கவனிக்காவிட்டால்? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். அவர்தான் இதற்குத் தீர்ப்பாயம். மகன் மட்டுமல்ல, மகளும் வயது வந்த பேரன் பேத்தியும் இதில் அடக்கம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினர் மேல் மனு போடலாம். பெற்றோர் இருக்கும் ஊரிலும் கொடுக்கலாம், பிள்ளை இருக்கும் ஊரிலும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். ‘பெத்த புள்ள மேல கேஸா?’ என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: விசாரணைக்கு முன்பே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பெரிய சிக்கல் வீட்டுப் பத்திரத்தில்தான். ‘கடைசி வரைக்கும் பார்த்துக்குவான்’ என்ற நம்பிக்கையில் வீட்டைப் பிள்ளை பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதே வீட்டின் பின்கட்டில் ஒரு கட்டிலோடு ஒதுங்க வேண்டியதாகிறது. அதே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று காத்திருப்பானேன்? ‘எங்கள் ஆயுள் வரை உணவு, மருத்துவம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது’ என்ற ஒரு வரியை எழுதும்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் ‘அதெல்லாம் எதுக்கும்மா, பையன்தானே’ என்பார். சொன்னாலும் எழுதச் சொல்லி, ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கைநாட்டோ கையெழுத்தோ போடலாம்.