துவர்ப்பு என்னும் தொடுகை

கல்முனையிலிருந்து வாசகி ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சிவப்பு வைனும் வெள்ளை வைனும் வீட்டில் இருக்கின்றன. சிவப்பைக் குடித்தால் வாய் வறண்டு நாக்கு இறுகுகிறது, வெள்ளை அப்படிச் செய்வதில்லை, ஏன்? இரண்டையும் சுவைத்துப் பார்ப்பதென்றால் எதை முதலில் எடுப்பது?

மதுவம் பழத்தின் வெல்லத்தை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். வேறுபாடு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெள்ளை வைனுக்குத் தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். சிவப்பு வைனுக்கோ அவை சாற்றோடு நாட்கணக்கில் ஊறும். தோலிலிருந்து அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் இறங்குகிறது. நாவற்பழம் தின்ற நாக்கை ஊதாவாக்குவதும் அதே குடும்பத்துப் பொருள்தான். தோல், விதை இரண்டிலிருந்தும் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் இறங்குகிறது.

இந்தத் தனின் வாய்க்குள் செய்யும் வேலையை ஆற அமரப் பார்க்க வேண்டும். உமிழ்நீரின் வழுவழுப்பு அதிலுள்ள புரதங்களால் வருவது. காதருகே உள்ள சுரப்பியில் ஊறும் உமிழ்நீரின் புரதங்களில் ஏறத்தாழ 70 சதவீதம், புரோலின் என்ற அமினோ அமிலம் மலிந்தவை. மற்றப் புரதங்கள் பலவும் இறுகச் சுருண்டிருக்க, இவை அவிழ்ந்த நூலாகக் கிடப்பதால், தனினின் தட்டையான வளையங்கள் புரோலினின் மேல் எளிதாகப் படிந்துகொள்கின்றன. ஐதரசன் பிணைப்புகள் அந்தப் பிடியை இறுக்குகின்றன. ஒரு தனின் மூலக்கூறு ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைப் பற்ற வல்லது என்பதால், அவை கோக்கப்பட்டுத் திரண்டு உமிழ்நீரிலிருந்து பிரிகின்றன. வழுக்கும் படலம் குலைந்ததும் நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. பச்சைப் பாக்கை மென்றவரும் கடும் வெறுந்தேத்தண்ணீர் குடித்தவரும் அறிந்த உணர்வு அது.

இதைக் கண்ணாலும் காணலாம். ஒரு வாய் சிவப்பு வைனைப் பத்து வினாடி கொப்பளித்து வெள்ளைப் பீங்கான் தட்டில் துப்பிப் பாருங்கள்: ஊதா நிறத்தில், நூல் நூலாக இழுபடும் திரள்கள் தெரியும். நான் முதன்முறை அதைப் பார்த்தபோது, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் முன்னோர் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்தனர். இன்றைய ஆய்வாளரில் பெரும்பாலோர் அதைச் சுவையாக அன்றி, முகத்திலும் வாயிலும் தொடுவதை அறியும் முக்கூர் நரம்பு உணரும் தொடுகையாகக் கொள்கின்றனர். பகுப்பு மாறினாலும், அதற்கெனத் தனிப்பெயர் இட்டுப் புளிப்புக்கும் உவர்ப்புக்கும் நிகராக நிறுத்திய அந்தக் கூர்ந்த கவனிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். நாவல், பாக்கு, மரமுந்திரிகைப் பழம் எனத் துவர்ப்பான விளைபொருட்கள் நிறைந்த இந்தக் கிழக்கு மாகாணத்தில், நம் பல்கலைக்கழகங்களின் துவர்ப்பு ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாலிலுள்ள கேசீனும் புரோலின் மலிந்த புரதமே. தேத்தண்ணீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது அதனால்தான். மட்டக்களப்பு எருமைத் தயிரில் ஒரு கரண்டி தின்றுவிட்டுச் சிவப்பு வைனைக் குடித்தால், உமிழ்நீரைப் பற்ற வேண்டிய தனினில் ஒரு பங்கு தயிரைப் பற்றிக்கொள்வதால், இறுக்கம் தளர்வதை நாக்கு உணரும்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்கச் சொல்வோர் மனத்தில் இருப்பது ஐரோப்பிய வீடுகளின் 16 முதல் 18 பாகை வரையிலான குளிர்மை. கச்சான் காற்று வீசும் நாட்களில் 30 பாகையைத் தாண்டும் நம் வீட்டறை அன்று. ஆகவே குடிப்பதற்கு முன் அந்த அளவுக்குக் குளிரும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் குளிர்ந்தால் துவர்ப்பு மேலோங்கித் தெரியும். புளிப்பையே முதுகெலும்பாகக் கொண்ட வெள்ளை வைனுக்கு 8 முதல் 12 பாகை பொருத்தமானது.

சிவப்பு வைன் குடித்தால் இரத்தம் ஊறும் என்று சொல்வோரையும் சந்தித்திருக்கிறேன். அது நிறத்தைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. உண்மையில் தனின், தாவர உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கவே செய்கிறது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சுவைத்தறிய இரண்டு வாய் போதும், அதையும் துப்பிவிடலாம்.

இனி இரண்டாவது கேள்வி. துவர்ப்பு வாய்க்கு வாய் ஏறும். திரண்டுபோன புரதங்களுக்கு ஈடாகப் புதிய உமிழ்நீர் ஊறுவதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது. சிவப்பை முதலில் எடுத்தால் அந்த வறட்சியோடுதான் வெள்ளையைச் சுவைக்க நேரும். ஆகவே வெள்ளையை முதலில் எடுங்கள்; பின்னர் வெறும் பாண் துண்டொன்றை மென்று, தண்ணீர் குடித்து, சில நிமிடங்கள் பொறுத்துச் சிவப்பை எடுங்கள்.