குட்டைக் குழாய் ஆசை

தை அறுவடை முடிந்து வயல்கள் காலியாகும்போதுதான் கும்பகோணத்தில் என் பட்டறைக்கு ஆள் வரத் தொடங்கும். மழை ஓய்ந்து வானம் திறந்துகொள்ளும் காலம் அது. தொலைநோக்கிக்கு ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆறு அங்குலக் காசிகிரேன் வரைபடத்தோடு வந்தார். அடியில் உள்ள குழியாடி அனுப்பும் ஒளியை, மேலே உள்ள சிறிய இரண்டாம் ஆடி திருப்பி, குழியாடியின் நடுத்துளை வழியே கண்ணுக்கு அனுப்பும் வகை அது.

"குழாய் குட்டை சார், பைக்கிலேயே கொண்டுபோய்விடலாம்."

"சரி தம்பி, அந்த இரண்டாம் ஆடியை எதை வைத்துச் சோதிப்பாய்?"

பதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடமும் இருக்கவில்லை. ஏழு மாதம் தேய்த்தேன். விண்மீன் புள்ளியாகத் தெரியாமல் பஞ்சுப் பொதியாகத் தெரிந்தது.

குழியாடியைச் சோதிப்பது எளிது. பிரெஞ்சு இயற்பியலாளர் பூக்கோ 1858-இல் வகுத்த முறைக்கு ஒரு விளக்கு, ஓர் ஊசித் துளை, ஒரு சவர பிளேடு போதும். ஆடி அனுப்பும் ஒளி திரும்பிக் குவியும் இடத்தில் பிளேடை நகர்த்தினால், பரப்பின் மேடு பள்ளம் நிழலாகத் தெரிந்துவிடும். காசிகிரேனின் இரண்டாம் ஆடியோ குவியாடி; அதுவும் அதிபரவளையம் என்னும் சிக்கலான வளைவு. ஒளியை விரித்துவிடும், திருப்பி ஓரிடத்தில் குவிக்காது. அதைச் சோதிக்க, அதைவிடப் பெரிய, பிழையற்ற வேறோர் ஆடி வேண்டும். அது கையில் இருப்பவர் என்னிடம் வரப்போவதில்லை. செய்து முடித்தாலும் தொல்லை தீராது. இரண்டாம் ஆடி குவியத் தூரத்தை நான்கு மடங்கு பெருக்கும் அமைப்பில், அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குவியம் 17 மில்லிமீட்டர் நகரும். காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் காசிகிரேன் குவியம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே பட்டறையும் பொறியாளர்களும் இருக்கிறார்கள்.

"அப்படியானால் நியூட்டன் வகையிலேயே குட்டையாக, எஃப் 4 செய்கிறேன்" என்றார் மாணவர். நியூட்டன் வகையில் இரண்டாம் ஆடி வெறும் தட்டை; எஃப் 4 என்றால் குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு. அடுத்த பொறி அது. ஆறு அங்குல எஃப் 8 ஆடியின் நடுக்குழி 1.2 மில்லிமீட்டர்தான். தேய்க்கையில் எளிதில் அமைவது கோளம், வேண்டியது பரவளையம். இரண்டையும் நடுவில் ஒத்துவைத்துப் பார்த்தால், அதன் விளிம்பில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் வேறுபாடு 0.3 மைக்ரானுக்கும் குறைவு. கோளமாகவே நிறுத்திவிட்டாலும் பிழை ஒளியின் கால் அலைநீளத்தை ஒட்டித்தான் நிற்கும். நிலவும் சனியின் வளையமும் நன்றாகவே தெரியும். எஃப் 4 என்றால் அதே வேறுபாடு எட்டு மடங்கு. படமோ நடுவை விட்டு விலகியதுமே வால்மீன் போல இழுபடும்.

நான் சொல்வது ஆறு அங்குலம், 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம், நியூட்டன் வகை. நியூட்டன் 1668-இல் செய்தது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக ஆடி. பக்கத்துச் சுவாமிமலையில் பழகிய உலோகங்கள்தான். நமக்குக் கண்ணாடி போதும். போர்வெல்லுக்கு இறக்கும் 200 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். கனம்தான், ஆனால் மூடிய குழாயின் அடியில் கிடக்கும் ஆடி மார்கழிப் பனிக்கு எளிதில் நனையாது. தாங்கிக்கு டாப்சன் வகை, அதாவது பக்கவாட்டிலும் மேலும் கீழும் கையால் திருப்பும் ஒட்டுப்பலகைப் பெட்டி. ஊர்த் தச்சரே செய்துவிடுவார். உச்சிக்கு நேராக வரும் கோளைத் துரத்தும்போது மட்டும் அது முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

தேய்ப்பதைச் சித்திரையில் தொடங்காதீர்கள். மெருகேற்றும் கீல் (தார் போன்ற பிசின்) வெயிலில் இளகி ஓடும்; என் முதல் ஆடியின் விளிம்பு அப்படித்தான் சரிந்தது.

பைக் பிரச்சினையை அந்த மாணவர் தாமே தீர்த்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்த தம்பி, பொங்கல் கரும்புக் கட்டைப் பிடிப்பதுபோல் குழாயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.

அலுமினியப் பூச்சுக்கு அனுப்பும் முன் ஒரு முறை வானத்தில் சோதியுங்கள். பூசாத கண்ணாடி 4 விழுக்காடு ஒளியைத்தான் திருப்பும். நிலவுக்கு அது தாராளம், பளிச்சென்ற விண்மீனுக்கும் போதும். பிழை தெரிந்தால் அப்போதே மறுபடி கீலுக்குக் கொண்டுபோகலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் பூச்சு முடிந்த ஆடியை மூடியே வையுங்கள். உப்புக்காற்று அலுமினியத்தை விட்டுவைக்காது.