எக்ஸ் என்றால் மாஜியா?

பிரிந்துபோன காதலனையோ கணவனையோ ஆங்கிலத்தில் 'எக்ஸ்' (ex) என்பார்கள். அதைத் தமிழில் 'மாஜி காதலன்' என்று எழுதுகிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். போன மாதம் புதுச்சேரியில் ஒரு திரையிடலில் கொடுத்த தமிழ்க் குறிப்பிலும் அதேதான். படம் 1940-இல் ஜார்ஜ் கியூகர் இயக்கிய 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி'. கேத்தரின் ஹெப்பர்னின் இரண்டாம் கல்யாணத்துக்கு முன்னாடி வந்து நிற்கும் கேரி கிராண்ட், அவளுடைய 'மாஜி காதலன்' ஆம். ஐயா, அவன் தாலி கட்டாத ஊரில் சட்டப்படி கட்டிக்கொண்டு விவாகரத்தானவன், கணவன்!

எக்ஸ் லத்தீன் முன்னொட்டு, 'வெளியே' என்று பொருள். பிரெஞ்சிலும் அதுவேதான். மாஜி அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது, 'கடந்துபோனது' என்று பொருள். அது நம் பத்திரிகைகளில் மந்திரி, எம்.எல்.ஏ. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே பழகிவிட்டதால், மாஜி என்றதுமே சைரன் வைத்த கார்தான் ஞாபகம் வருகிறது. காதலன் என்ன, பதவிக்காலம் முடிந்து பங்களாவைக் காலி செய்தவனா?

சரி, தூய தமிழில் 'முன்னாள் காதலன்' என்போம் என்று ஒரு கட்சி. முன் + நாள், சொல்லில் குற்றமில்லை. முன்னாள் ராணுவத்தினர், முன்னாள் மாணவர், ஏன் முன்னாள் கணவர் என்பதுகூடச் சரிதான், அங்கெல்லாம் பதிவேடு இருக்கிறது, சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கிறது. காதலுக்கு எந்த ரிஜிஸ்டரில் கையெழுத்து? அதுவும் பன்மையில் போட்டால் வம்பு: 'முன்னாள் காதலர்கள் சந்திப்பு' என்றால் பிரிந்துபோன ஒரு ஜோடியா, ஒரே பெண்ணை வெவ்வேறு காலத்தில் காதலித்த ஆண்களா?

கடலூர் பஸ்ஸில் காதைத் திறந்து வைத்தால் விடை கிடைக்கும். "அவளோட பழைய ஆளு கல்யாணத்துக்கு வந்துட்டானாம்டி." பழைய ஆளு, எழுத்தில் பழைய காதலன், அவ்வளவுதான். வயசானவன் என்று அர்த்தம் வருமே என்கிறார்கள். 'என் பழைய வாத்தியார்' என்றால் கிழவர் என்றா நினைக்கிறோம்? பழைய நண்பர் என்றால் இன்னும் நண்பர்தான், அது உண்மை. ஆனால் பழைய காதலன் என்பதை யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பேசுகிற தமிழ் மேல் ஏதோ கூச்சம். அகராதியில் முதலில் கிடைப்பதைத் தூக்கி சப்டைட்டிலில் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் நாயகி அழும்போது தியேட்டரே சிரிக்கிறது. ஒன்றும் தோன்றவில்லையா, எக்ஸ் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். மாஜியை மந்திரிகளுக்கே விட்டுவிடலாம்.