இரண்டாவது ஆள் கேட்ட விலை

கோவையில் ஜவுளிக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கூகுள் விளம்பரத்தில் ஒரு க்ளிக்குக்கு 20 ரூபாய் வரை தரத் தயார் என்று போட்டிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் 12 ரூபாய்தான் போட்டிருக்கிறாராம். அவர் விளம்பரம் எப்படி எனக்கு மேலே வருகிறது?"

நாம் ஒவ்வொரு முறை தேடும்போதும், கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரத்தைக் காட்டினால் மட்டும் கூகுளுக்குக் காசு வராது. யாராவது க்ளிக் செய்தால்தான் வரும். உங்கள் விளம்பரத்தை 100 பேர் பார்த்து 2 பேர் க்ளிக் செய்தால் 40 ரூபாய். பக்கத்துக் கடையினுடையதை 5 பேர் க்ளிக் செய்தால் 60 ரூபாய். அதனால் அவர் மேலே. விளம்பரத்தின் பொருத்தம், இணையப் பக்கத்தின் தரம் என்று வேறு சிலவும் கணக்கில் சேரும். அடிப்படை இந்தப் பெருக்கல்தான்.

ஜெயித்தவர் கட்டும் தொகையில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. அவர் கேட்டது 12 ரூபாய். கட்டுவது ஏறக்குறைய 8 ரூபாய்தான். உங்களுடைய 40 ரூபாயைத் தாண்ட 5 க்ளிக்குக்குத் தலா 8 ரூபாய் போதும். அதற்கு மேல் வாங்குவதில்லை. தானாக வரும் பணத்தை கூகுள் ஏன் விட வேண்டும்? விடை ஒரு பழைய ஆய்வில் இருக்கிறது.

1961இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி ஒரு விதியை ஆராய்ந்தார். எல்லோரும் மூடிய உறையில் விலை எழுதித் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்குப் பொருள். ஆனால் அவர் தர வேண்டியது இரண்டாவது ஆள் எழுதிய விலை. ஒரு குத்துவிளக்கு உங்களுக்கு 5,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். ஆசையில் 6,000 எழுதினால் என்ன மாறும்? அடுத்தவர் இந்த இரண்டுக்கும் நடுவே, 5,500 போல எழுதியிருந்தால் மட்டும் மாறும்: ஜெயிப்பீர்கள், 500 ரூபாய் நஷ்டத்தோடு. தந்திரமாக 4,000 எழுதினால்? அடுத்தவர் நடுவே 4,500 போல எழுதியிருந்தால், 500 ரூபாய் லாபத்தில் கிடைத்திருக்க வேண்டிய விளக்கு கைநழுவும். மற்ற எந்த நிலையிலும் ஒரு பைசா வித்தியாசம் வராது. அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம்; உண்மையை எழுதுவதுதான் லாபம். முதன்முதலில் இதைப் படித்தபோது தாளை எடுத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இணையம் பார்த்திருக்கிறது. 1998இல் தேடல் விளம்பர ஏலத்தைத் தொடங்கிய கோட்டூ நிறுவனம் (பின்னாளில் ஓவர்ச்சர் என்று பெயர் மாறியது), ஜெயித்தவர் கேட்ட விலையையே வாங்கியது. இருவர் ஒவ்வொரு சென்ட்டாக மாறி மாறி ஏற்றுவார்கள். ஒருவர் சலித்துப்போய்க் கீழே குதிப்பார், உடனே மற்றவரும் இறங்குவார், திரும்பவும் ஏற்றம். விலையை வரைபடமாகப் போட்டால் ரம்பப் பல்லைப் போல இருக்கும். கூகுள் 2002இல் அடுத்தவர் விலையை வைத்துக் கட்டணம் போடும் முறைக்கு மாறியது. பல இடங்களை ஒரே நேரத்தில் ஏலம் விடுவதால் விக்ரியின் விதி அதில் முழுமையாகப் பொருந்தாது. ஆனாலும் அந்த ஏற்ற இறக்க ஆட்டம் பெருமளவு அடங்கியது.

விக்ரிக்கு 1996இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துபோனார். இணையத்தையே கனவு காணாத காலத்தில் எழுதிய கோட்பாடு அது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நம் பல்கலைக்கழகங்களில் கணிதத்துக்கும் கோட்பாட்டு ஆய்வுக்கும் நிதியைச் சுருக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எண்கணித ஜோதிடப்படி கடைப்பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார்கள் என்றும் வாசகர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பெயரைத் தட்டித் தேடும் பழைய வாடிக்கையாளர்களும் தடுமாறுவார்கள். பெயரை மாற்றச் செலவாகும் பணத்தில் புடவைகளை நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள், விலையை வெளிப்படையாகப் போடுங்கள், பக்கம் செல்பேசியில் சட்டென்று திறக்கிறதா என்று பாருங்கள். இன்றைய நிலையில் வெறும் பணத்தால் முந்த வேண்டுமென்றால் க்ளிக்குக்கு 30 ரூபாய்க்கு மேல் கேட்க வேண்டும். 100 பேரில் 2 பேருக்குப் பதில் 4 பேர் க்ளிக் செய்தால், அதே 20 ரூபாயில் முதலிடம். கையிலிருந்து போவது 15 ரூபாய்.