ஏசியில் கேஸ் தீர்ந்துபோவதில்லை: ஆளைக் கூப்பிடுமுன் இதைப் படியுங்கள்

"போன வருஷம்தான் கேஸ் அடிச்சோம். இந்த வருஷமும் குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க." வெயில் காலம் தொடங்கிவிட்டால் இந்தப் புலம்பலைக் கேட்காத நாளே இருக்காது. இரண்டு மூன்று வருடம் இப்படியே ஓட்டி, கம்ப்ரசர் எரிந்த பிறகுதான் முறையான ஆளைத் தேடுகிறார்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் செம்புக் குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கறுப்பாகப் படிந்த தூசி. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே கசியும். கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் அது. ஒவ்வொரு வருடமும் வந்தவர் அதற்குப் பக்கத்திலேயே அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டியிருக்கிறார். கொஞ்சம் சோப்பு நுரை தடவிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல. முழுக்க மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகி, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். அது செலவாவதும் இல்லை, பழசாவதும் இல்லை. சரியாகப் பொருத்திய மெஷினில் தொழிற்சாலையில் நிரப்பிய கேஸ், மெஷினின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் கசிந்திருக்கிறது. வேறு காரணமே கிடையாது. "கொஞ்சம் கொஞ்சமா குறையுறது சகஜம்தான்", "நிறைய ஓட்டுனா சீக்கிரம் தீரும்", "வருஷத்துக்கு ஒரு தடவை டாப்-அப் பண்ணா நல்லது" என்று எவர் சொன்னாலும், எவ்வளவு அனுபவஸ்தராக இருந்தாலும், அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கேஸ் குறைவாக ஓடினால் நஷ்டம் குளிர்ச்சி குறைவதோடு நிற்காது. கம்ப்ரசர் மோட்டாரின் சூட்டை இழுத்துச் செல்வதே அதற்குள் ஓடும் கேஸ்தான். அது குறைந்தால் மோட்டார் சூடேறும், எண்ணெயும் ஒழுங்காகத் திரும்பாது. டாப்-அப் செய்து ஓட்டிய ஒவ்வொரு மாதமும் கம்ப்ரசரின் ஆயுளிலிருந்து கழிகிறது.

இன்னொன்று. ஏசி ஓடாமல் நிற்கும்போது கேஜை மாட்டி, முள்ளைக் காட்டி, "பாருங்க, குறைவா இருக்கு" என்பார்கள். நின்றிருக்கும் மெஷினின் அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்தது; உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை அது சொல்லாது. 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-32 என்ற கேஸ் வகை சுமார் 265 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டும். முழு அளவு இருந்தாலும் அதேதான், பாதி கசிந்துபோயிருந்தாலும் அதேதான். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை முள் நகராது. ஓடும்போது பார்க்கும் அழுத்தமும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகம் மாற மாற அதுவும் மாறும். பைப்பில் ஐஸ் கட்டியிருப்பதைக் காட்டி கேஸ் குறைவு என்று முடிவு கட்டுவதும் அவசரம். ஃபில்டரும் காயிலும் அழுக்கடைந்து காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். தேவையில்லாமல் கேஜ் மாட்டிக் கழற்றுவதே ஒரு கசிவுக்கு வழி. வால்வுக்குள் இருக்கும் பின் சரியாக மூடாமல் போவது சர்வ சாதாரணம்.

நல்ல டெக்னீஷியன் என்ன செய்வார்? முதலில் கசிவைத் தேடுவார். ஃப்ளேர் இணைப்புகள், சர்வீஸ் வால்வ், இன்டோர் காயில் என்று வரிசையாகப் பார்ப்பார். இன்டோர் காயிலில் ஊசித்துளை விழுவது நிறைய நடக்கிறது. தரை துடைக்கும் கரைசல்கள், புதிய பிளைவுட் பசை போன்றவற்றிலிருந்து வரும் அமில ஆவி செம்பை மெல்ல அரிக்கும். சோப்பு நுரைக்குச் சிக்காவிட்டால், மிச்ச கேஸை மீட்பு சிலிண்டரில் எடுத்துவிட்டு, பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் நைட்ரஜன் ஏற்றி, மணிக்கணக்கில் விட்டு, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். நைட்ரஜன்தான். ஆக்ஸிஜன் சிலிண்டரை எவராவது தூக்கி வந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். எண்ணெய் இருக்கும் குழாயில் அழுத்தத்தோடு ஆக்ஸிஜன் ஏற்றினால் வெடிக்கும். சாதாரணக் காற்றுக் கம்ப்ரசரும் கூடாது.

கசிவை அடைத்த பிறகு வாக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்றுவது. எங்கள் தொழிலில் அதிகம் ஏமாற்றப்படும் கட்டம் இதுதான். பம்பை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "முடிஞ்சது" என்பார்கள். இன்னும் சிலர் பம்பே கொண்டுவராமல், அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளுவார்கள். காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. இன்றைய கேஸ்களோடு வரும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறும் வகை. கம்ப்ரசர் சுற்றுக்கம்பியின் பூச்சைத் தின்பது அதுதான். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை மைக்ரானில் அளப்பார்கள்; முறையான அளவு 500 மைக்ரானுக்குக் கீழே. வெளியில் இருக்கும் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்பதை வைத்து யோசியுங்கள். சாதாரண முள் கேஜில் 5,000க்கும் 500க்கும் வித்தியாசமே தெரியாது. மைக்ரான் கேஜ் கட்டாயம் வேண்டும். 500க்கு இறங்கியதும் பம்ப் பக்கத்து வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் திரையையே பார்க்க வேண்டும். எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு இன்னும் இருக்கிறது. கொஞ்சம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம். அசையாமல் இருந்தால்தான் கேஸைத் திறக்கலாம். அந்தப் பத்து நிமிடம் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், மைக்ரான் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கேஸை எடைபோட்டு நிரப்ப வேண்டும், முள்ளைப் பார்த்தல்ல. எத்தனை கிராம் என்பது பெயர்ப்பலகையில் அச்சிட்டிருக்கும். பைப் நீளம் நிறுவனம் சொன்னதைத் தாண்டினால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பதும் பொருத்தும் கையேட்டில் இருக்கும். தராசு கொண்டுவராதவர் கையளவில்தான் நிரப்பப்போகிறார். ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் சரிபாதிக் கலவை, அதைத் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், சுலபமாகத் தீப்பிடிக்கும். ஒரு கேஸுக்காகச் செய்த மெஷினில் வேறொன்றை, "விலை கம்மி, நல்லா கூலிங் வரும்" என்று நிரப்ப விடவே விடாதீர்கள். ஆர்-22 கேஸுக்காகச் செய்த மெஷினில் புரொப்பேனை நிரப்பிவிட்டுப் போனால், அடுத்து அதைத் திறந்து குழாயைப் பற்றவைக்கும் தீச்சுடரைப் பிடிப்பவரின் முகம்தான் கருகும்.

இத்தனை விலாவாரியாகச் சொல்வது நீங்களே செய்து பார்ப்பதற்காக அல்ல. வருகிறவர் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக.

புது மெஷின் பொருத்த ஆள் பார்க்கிறீர்களா? லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, "இருக்கு சார்" என்ற பதிலோடு விட்டுவிடுகிறோம். லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதை வழங்கிய அமைப்பிடம் சரிபாருங்கள், பெயர் பொருந்துகிறதா, காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். லைசென்ஸ் எதற்கு என்பதும் முக்கியம். பல நாடுகளில் மின்வேலை, குளிர்பதன கேஸ், எரிவாயுச் சாதனங்கள் மூன்றுக்கும் தனித்தனி அனுமதி. அமெரிக்காவில் குளிர்பதன கேஸைக் கையாள 608ஆம் பிரிவுச் சான்று வேண்டும். பிரிட்டனில் எரிவாயு ஹீட்டரைத் தொட கேஸ் சேஃப் பதிவு வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் செய்ய முடியாது. லைசென்ஸ் முதலாளியிடம் இருக்கும், வேலைக்கு வருவது நேற்றுச் சேர்ந்த பையனாக இருக்கும். "வீட்டுக்கு யார் வருவாங்க? அவங்ககிட்ட என்ன சான்று இருக்கு?" என்று நேரடியாகக் கேளுங்கள். விபத்துக் காப்பீடும் கேளுங்கள். சுவரில் தொங்கி வேலை செய்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அறையைப் பார்க்காமல், போனிலேயே சதுர அடி கேட்டு "ஒன்றரை டன் போட்டுடலாம்" என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதைக் கூரை, ஜன்னல் திசை, உயரம், ஆட்கள், ஓடும் சாதனங்கள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். மேலே வெயில் படும் கூரை உள்ள அறைக்கும், இரண்டு மாடிக்கு நடுவில் இருக்கும் அதே அளவு அறைக்கும் கணக்கு ஒன்றாக இருக்காது. "பெருசா போட்டா நல்லதுதானே" என்பதும் தப்பு. தேவைக்கு மேல் பெரிய மெஷின் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், ஈரப்பதத்தை இழுக்க நேரமே இருக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

விலைப்புள்ளி எழுத்தில் வேண்டும். இரண்டு யூனிட்டின் மாடல் எண், கேஸ் வகை, செம்புக் குழாயின் விட்டம், நீளம், தடிமன் எல்லாம் அதில் இருக்கட்டும். கால் அங்குலம், அரை அங்குலக் குழாய்களுக்கு 0.8 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். இன்சுலேஷன் இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக. மின்சாரம் தனி லைனில், தனி பிரேக்கரில், எர்த்தோடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகவே கூடாது, வயரை முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பும் கூடாது. டிரெயின் பைப் கடைசிவரை இறக்கமாகப் போக வேண்டும், நடுவில் ஒரு மேடு இருந்தாலும் தண்ணீர் உங்கள் சுவரில்தான் இறங்கும். ஃப்ளேர் நட்டை, முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனரால் முறுக்குகிறாரா என்று பாருங்கள். கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். பலத்தைக் காட்டி இறுக்கினால் செம்பு நசுங்கி அங்கேயே விரியும். கசிவுப் புகார்களில் பாதி இந்த நட்டில்தான் தொடங்கியிருக்கும் என்று தோன்றும் அளவுக்கு இதைப் பார்க்கிறோம்.

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவதும் லேசான வேலை அல்ல. கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து மூடுவது வழக்கம். இரண்டு வால்வையும் மூடி, கம்ப்ரசரை நிறுத்திய பிறகுதான் நட்டைத் தளர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தளர்த்தினால் காற்று உள்ளே போய், எண்ணெயோடு கலந்து, அழுத்தத்தில் பற்றிக்கொள்ளும். கம்ப்ரசர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கசிவுள்ள மெஷினில் இந்த முறையையே தொடக் கூடாது.

குளிர் ஊர்களில் இருப்பவர்களுக்கு. ஹீட் பம்பின் (வீட்டைச் சூடாக்கவும் ஓடும் ஏசி) திறனை வெளியில் 7 டிகிரி இருக்கும்போது அளந்து எழுதியிருப்பார்கள். உங்கள் ஊரின் மிகக் குளிரான இரவில் எவ்வளவு வெப்பம் தரும் என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அவுட்டோர் யூனிட் கொஞ்ச நேரம் நின்று ஆவி கிளம்பினால் அது பனி உருக்குகிறது, பழுதல்ல. அதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டைச் சூடாக்க எரிவாயு ஃபர்னஸோ பாய்லரோ இருந்தால் தயவுசெய்து ஒன்று மட்டும் கேளுங்கள், கெஞ்சித்தான் கேட்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்றவரை வைத்துப் பரிசோதியுங்கள். வெப்பப் பரிமாற்றியில் விரிசல் விழுந்தாலோ புகைபோக்கி அடைத்தாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடுவதும், கரி படிவதும் எச்சரிக்கை; அவை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே எல்லோரும் வெளியேறுங்கள், அங்கிருந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். தூங்கும் அறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். பரிசோதிக்க வருபவர் அனலைசர் கருவியைப் புகைபோக்கியில் செருகி அளக்கவில்லை என்றால் அது பரிசோதனையே அல்ல.

வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் நீட்டிவிடாதீர்கள். இறங்கிய மைக்ரான் எண், கூடுதலாக ஏற்றிய கேஸ் எத்தனை கிராம், மெஷின் இழுக்கும் ஆம்பியர், உள்ளே போகும் காற்றின் வெப்பம், வெளியே வரும் காற்றின் வெப்பம், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். குளிரூட்டும்போது அந்த இரண்டு காற்றுக்கும் நடுவே சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கும். தாளைப் போட்டோ எடுத்துவையுங்கள். அடுத்த வருடம் ஒருவர் வந்து "கேஸ் குறைவு" என்றால், அதைக் காட்டி, எங்கே கசிகிறது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.